ஜெர்மானியம் தரும் அரிய சல்பைடுகள்: ஆர்ஜைரோடைட்டா, ஜெர்மனைட்டா?

மெண்டெலீவ் 1871-இல் 'ஏகசிலிக்கான்' என்று முன்கூட்டிச் சொல்லிவைத்த தனிமம், 1886-இல் ஆர்ஜைரோடைட் என்ற வெள்ளிச் சல்பைடிலிருந்து வெளிப்பட்டது. சாக்சனியில் ஃப்ரைபெர்க் அருகே ஹிம்மல்ஸ்ஃபூர்ஸ்ட் சுரங்கத்தில் கிடைத்த அக்கனிமத்தைப் பகுத்தாய்ந்த கிளெமென்ஸ் விங்க்ளர், எத்தனை முறை கூட்டிப் பார்த்தாலும் ஏறத்தாழ 7 சதவீதம் குறைவதைக் கண்டு, அந்தக் குறையைத் தேடிச் சென்றே ஜெர்மானியத்தை அடைந்தார்.

புகழில் ஆர்ஜைரோடைட்டுக்கு நிகரில்லை. ஆனால் ஜெர்மானியத்தின் அளவை வைத்துப் பார்த்தால் நிலைமை மாறுகிறது. ஆர்ஜைரோடைட்டின் எடையில் நான்கில் மூன்று பங்குக்கும் சற்று மேல் வெள்ளி, ஜெர்மானியம் 6.4 சதவீதமே. நமீபியாவின் சுமெப் சுரங்கத்தில் கண்டறியப்பட்டு 1922-இல் பெயரிடப்பட்ட ஜெர்மனைட் என்ற செப்புச் சல்பைடிலோ, வாய்பாட்டின்படி அது 9 சதவீதத்தை எட்டுகிறது. என்றாலும் இவ்விரண்டும் மிக அரியவை என்பதால், இன்றைய ஜெர்மானியத்தின் பெரும்பகுதி துத்தநாகத் தாதுவைப் பதப்படுத்துகையில் மிஞ்சும் கழிவிலிருந்தும் நிலக்கரிச் சாம்பலிலிருந்துமே பிரித்தெடுக்கப்படுகிறது.

கையில் எடுத்தால் வேறுபாடு உடனே புலப்படும். ஆர்ஜைரோடைட்டின் அடர்த்தி நீரைப் போல் 6 மடங்குக்கும் மேல் என்பதால் சிறு துண்டும் கனக்கும், 1 முதல் 10 வரையிலான மோஸ் அளவுகோலில் கடினத்தன்மை 2.5 அளவே என்பதால் செப்புக் காசு கொண்டே கீறிவிடலாம். புதிதாக உடைந்த முகம் இளஞ்சிவப்பு சாயலுள்ள எஃகு நிறத்தில் மின்னி, நாளடைவில் கறுத்துவிடும். ஜெர்மனைட்டின் அடர்த்தி 4.5-ஐ ஒட்டியது, கடினத்தன்மை 4. பெரும்பாலும் படிக வடிவமின்றிக் கட்டியாகவே கிடைப்பதால், அழகான படிகத்தைத் தேடும் சேகரிப்பாளருக்கு ஆர்ஜைரோடைட்டையே நான் பரிந்துரைப்பேன்.

ஜெர்மனைட்டை இனங்காண்பதில்தான் சிக்கல் உண்டு. அதன் புதிய உடைப்பு, செப்பும் இரும்பும் கலந்த சல்பைடான போர்னைட்டைப் போலவே செம்பழுப்புச் சாயல் காட்டும். போர்னைட்டில் சில நாட்களில் மயில்கழுத்து நிறங்கள் படரும். ஜெர்மனைட்டோ மங்கிய பழுப்பாகிவிடும். சுமெப்பிலும் காங்கோவின் கிபுஷியிலும் கிடைக்கும் மூன்றாவது ஜெர்மானியச் சல்பைடான ரெனியரைட், முன்பு 'ஆரஞ்சு போர்னைட்' என்றே அழைக்கப்பட்டு வந்தது. அதைப் பிரித்தறிவது எளிது: காந்தத்தை அருகில் கொண்டுசென்றால் ரெனியரைட் ஈர்க்கப்படும், போர்னைட் அசையாது.