சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்: இடையில் இறங்காத பயணம்

சுமார் 15,300 கிலோமீட்டர், 18 மணி நேரத்துக்கும் மேல். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் இந்த நேரடி விமானத்தில் சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. நெடுந்தூரத்துக்கென்றே அமைத்த ஏர்பஸ் ஏ350-900 இது. மொத்தமே 161 இருக்கைகள். 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி. ஆளைக் குறைத்து எரிபொருளை ஏற்றுகிறார்கள். டிக்கெட் விலையும் அதற்கேற்பத்தான்.

நான் கேட்டு வாங்கியது பிரீமியம் எகானமியின் பின்கோடியில் உள்ள ஜன்னலோரத் தனி இருக்கை. விமானத்தின் உடல் அங்கே குறுகுவதால் இருவருக்கு இடமில்லை. ஜன்னலுக்கும் இருக்கைக்கும் நடுவே மூடி போட்ட பெட்டி ஒன்று. தண்ணீர் பாட்டில், சால்வை, மூக்குக் கண்ணாடி, மாத்திரை டப்பா எல்லாம் அதற்குள் அடங்கிவிட்டன. நள்ளிரவில் கழிவறைக்குப் போக யாருடைய முழங்காலையும் தாண்ட வேண்டாம். என் வயதுக்காரர்களுக்கு இது பெரிய வரம்!

உள்ளே காற்றழுத்தம் 6,000 அடி உயரத்துக்கு இணையாக இருப்பதால் தலைபாரம் குறைவு. தொண்டை என்னவோ வறளத்தான் செய்கிறது. அது எந்த விமானத்திலும் உள்ளதுதான். பசிபிக் பக்கமாகப் போனால் காற்று பின்னாலிருந்து தள்ளும், நேரம் மிச்சம்.

கோடைக்காலத்தில் போனால் இரு நகரங்களுக்கும் சரியாக 12 மணி நேர வித்தியாசம். கடிகார முள்ளைத் தொடவே வேண்டாம். தூக்கம்தான் ஒரு வாரத்துக்குத் தகராறு செய்யும்.

தனி இருக்கைகள் ஆறே ஆறு. முந்திக்கொள்ளுங்கள்.