மீட்டர் விலையை மட்டும் பார்க்காதீர்கள்: காரைக்குடியில் ஒன்பது வருடம் தையல் துணி வாங்கிய அனுபவம்

கோட்டையூரில் வீட்டிலேயே தைக்கிறேன். ஜாக்கெட், பாவாடை சட்டை, நைட்டி, குர்தி, தலையணை உறை, ஜன்னல் திரை என்று வருவதையெல்லாம் எடுத்துக்கொள்வேன். வாங்குகிற ஒவ்வொரு துணியிலும் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, ஒரு நோட்டில் குத்தி வைப்பது வழக்கம். பக்கத்தில் விலை, பன்னா என்கிற துணி அகலம், முதல் அலசலில் எவ்வளவு சுருங்கியது, சாயம் போனதா என்று எழுதிவிடுவேன். தைத்தது திரும்ப என் கைக்கு வந்தால், எத்தனை வருடம் உழைத்தது என்பதையும் சேர்ப்பேன். ஒன்பது வருடமாக எழுதிவரும் அந்த நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

முதல் பக்கமே நஷ்டக் கணக்கு. காரைக்குடியில் ஒரு கடையில் மற்ற இடங்களைவிட மீட்டருக்குப் பதினைந்து ரூபாய் குறைவாக லைனிங் துணி கிடைத்தது. சுத்தப் பருத்தி என்றார்கள், பத்து மீட்டர் வாங்கினேன். அதைப் போட்டுத் தைத்த ஜாக்கெட்டை ஒரே முறை அலசிவிட்டு, பள்ளத்தூர் ஆச்சி ஒருவர் திரும்ப எடுத்து வந்தார். மேல்துணி அப்படியே இருந்தது. உள்ளே லைனிங் சுருங்கி, முதுகெல்லாம் மடிப்பு மடிப்பாக இழுத்துக்கொண்டு நின்றது. "நனைத்துப் போட்டாயா ஆத்தா?" என்று மட்டும் கேட்டார். நனைக்கவில்லை. மீதமிருந்ததில் ஒரு மீட்டரை அளந்து நனைத்துக் காயவைத்துப் பார்த்தேன். ஐந்து சென்டிமீட்டர் குறைந்திருந்தது. அன்றிலிருந்து லைனிங்கை ஓர் இரவு ஊறவைத்து, நிழலில் காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகுதான் கத்திரி வைக்கிறேன்.

அடுத்துப் பன்னா. கடையில் யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும். 36, 44, 58 அங்குலங்கள்தான் அதிகம் கிடைக்கின்றன. 44 பன்னா மீட்டர் 100 ரூபாய், 58 பன்னா 120 ரூபாய் என்றால் பலரும் நூறு ரூபாய்த் துணியைத்தான் எடுப்பார்கள். நடுத்தர உடம்புக்கு முழங்கால் வரை ஒரு குர்தி தைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 44 பன்னாவில் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாகத்தான் வெட்ட முடியும், இரண்டேகால் மீட்டர் வேண்டும். 58 பன்னாவில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் அடங்கிவிடும், கையோடு சேர்த்து 1.6 மீட்டர் போதும். முன்னதற்கு 225 ரூபாய், பின்னதற்கு 192 ரூபாய். ஒரு குர்தியில் 33 ரூபாய் மிச்சம்.

காரைக்குடியில் நான் அடிக்கடி போவது கல்லுக்கட்டிப் பக்கம். கொப்புடைய நாயகி அம்மன் கோயிலைச் சுற்றிய கடைகளில் தானின், அதாவது முழுத் துணிச் சுருளின், கடைசியில் மிஞ்சிய துண்டுகள் கட்பீஸ் என்று குவியலாகக் கிடக்கும். ஜாக்கெட்டுக்கும் குழந்தைச் சட்டைக்கும் இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை. திரைக்கும் விரிப்புக்கும் வாங்கவே வாங்காதீர்கள், துணி போதாமல் போனால் அதே சாயம் திரும்பக் கிடைக்காது. துண்டை விளக்கு வெளிச்சத்தில் பார்த்து முடிவு செய்யாமல் வாசலுக்குக் கொண்டுவந்து விரித்துப் பாருங்கள். மடித்த இடத்தில் வெளுத்திருந்தால் வேண்டாம். கட்டைவிரலை நனைத்து அழுத்தித் தேய்த்தால், சாயம் போகிற துணி அங்கேயே காட்டிக்கொடுத்துவிடும். பருத்திதானா என்று சந்தேகம் வந்தால் ஓரத்திலிருந்து இரண்டு நூல் உருவிக் கொளுத்திப் பார்க்கலாம். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாக உதிரும், பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால், பிடிக்காவிட்டால் வெறுங்கையோடு திரும்பி வருவதும் சுலபமாகிவிட்டது. பஸ் காசு போய்விட்டதே என்று ஏதாவது ஒன்றை வாங்கி வந்த நாட்கள் முன்பு நிறைய உண்டு.

ஆனால் என் நோட்டில் அதிக வருடம் உழைத்த துணி எந்தக் குவியலிலிருந்தும் வந்ததில்லை. தறி வீட்டிலிருந்து வந்தது. காரைக்குடியில் கண்டாங்கி நெய்கிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. பெரிய கட்டமும் அடர்ந்த சாயமும் அகலக் கரையுமாக இருக்கும் அந்தப் பருத்திச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2018இல் எனக்குப் பழக்கமான ஒரு தறி வீட்டு அக்கா ஒரு சேலையை எடுத்துக் காட்டினார். நீளவாக்கில் ஓடும் பாவு நூல் அறுந்து, அதே வாக்கில் ஒரு கோடு ஓடியிருந்தது. "கட்டுகிறவர்கள் வாங்க மாட்டார்கள், தைக்கிறவள்தானே, நீ எடுத்துக்கொள்" என்றார். 450 ரூபாய் கொடுத்தேன். ஐந்தரை மீட்டர், 48 அங்குலம். மீட்டருக்கு 82 ரூபாய்க்குக் கைத்தறி! கோட்டை ஒதுக்கி வெட்டியதில் குழந்தைகளுக்கு மூன்று கவுன், இரண்டு தலையணை உறை கிடைத்தன. கரையையே கவுனின் கீழ்விளிம்பாக வைத்துவிட்டதால் மடித்துத் தைக்கிற வேலையும் மிச்சம். சிவப்புச் சாயம் முதல் மூன்று அலசலுக்கு இறங்கியது, குளிர்ந்த நீரில் தனியாக அலசி வந்தேன், பிறகு நின்றுவிட்டது. அந்த உறைகள் இப்போதும் எங்கள் கட்டிலில் இருக்கின்றன. நூல் நைந்து மெத்தென்று ஆகியிருக்கிறதே தவிர, கிழியவில்லை.

இப்படிப் பழுதான சேலை எப்போதும் கிடைக்காது, சொல்லிவைத்து மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பழுதில்லாத சேலைக்கு நான் பேரம் பேசுவதே இல்லை. கையும் காலும் ஓயாமல் ஓடித்தான் ஒரு சேலை இறங்குகிறது. அந்த உழைப்பில் ஐம்பது ரூபாயைப் பிடுங்கி மலிவாகத் தைத்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு மனம் வராது.

லைனிங்குக்கு இப்போது வேட்டியைப் பயன்படுத்துகிறேன். கரை சிறியதாக இருக்கும் எட்டு முழப் பருத்தி வேட்டியில் ஏறக்குறைய மூன்றரை மீட்டர் துணி இருக்கிறது, அகலமும் லைனிங் துணியைவிட அதிகம். கோ-ஆப்டெக்ஸில் பண்டிகைத் தள்ளுபடி வரும்போது இரண்டு மூன்று வாங்கி வைத்துக்கொள்கிறேன். கஞ்சி போகும்வரை அலசினால் குழந்தைத் துணிக்குக்கூட உறுத்தாது.

வெளியூர் என்றால் மதுரையும் ஈரோடும். மதுரையில் விளக்குத்தூண் பக்கம் வகைகள் கொட்டிக் கிடக்கின்றன. புதுமண்டபத்தில் இருந்த கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன, ஜரிகை, லேஸ், சாமி அலங்காரத் துணிக்கு அங்கே போகலாம். சாதாரண பாப்ளினுக்காக மதுரை வரை போவது வீண், நம் ஊர் விலைதான். ஈரோட்டு ஜவுளிச் சந்தை திங்கள் மாலை தொடங்கிச் செவ்வாய் வரை நடக்கிறது. திருச்சி போய், அங்கிருந்து கரூர் வழியாக ரயிலில் போனேன். விலை உண்மையிலேயே குறைவு. ஆனால் போகவர ஆன செலவும் ஒரு நாள் தையல் கூலியும் சேர்த்தால், முப்பது மீட்டருக்குக் கீழே வாங்குகிறவர்களுக்குக் கட்டுப்படி ஆகாது. நானும் பக்கத்துத் தெருவில் தைக்கிற இரண்டு பேரும் சேர்ந்து, பள்ளி திறப்பதற்கு முன் வருடத்துக்கு ஒரு முறை போகிறோம். ஒருவர் துணி பார்ப்பார், ஒருவர் பன்னாவை டேப்பால் அளப்பார், நான் நோட்டில் எழுதுவேன்.

இணையத்தில் மூன்று முறை வாங்கிவிட்டு நிறுத்திவிட்டேன். படத்தில் துணியைத் தொட முடியவில்லை.