சொந்தக் கெர்னலோடு ஒரு வருடம்

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டில் ஒரு பழைய லேப்டாப் கிடக்கிறது. ஐ3, 4 ஜிபி ராம். பற்றரி செத்துவிட்டதால் எப்போதும் வயரோடுதான். வை-ஃபையும் கடற்காற்றுக்கு எப்போதோ பலியாகிவிட்டது. டெபியன் 12 என்ற லினக்ஸ் ஓடிக்கொண்டிருந்த அதில், 2025 ஜனவரிக் கடைசியில், ஹார்ட்வேரை இயக்கும் மையப் பகுதியான கெர்னலை மூலக்கோட்டிலிருந்து நானே கம்பைல் செய்ய (கட்டி எடுக்க) இறங்கினேன். மெஷின் பறக்கும் என்று யாரோ சொன்னதை நம்பியதுதான் காரணம். ஒரு வருடத்துக்கு மேல் ஓட்டியாயிற்று. பறக்கவில்லை. பூட் ஆகும் நேரம் மூன்று நான்கு வினாடி குறைந்தது, அவ்வளவுதான்.

நீண்டகால ஆதரவு உள்ளது என்று 6.12 பதிப்பை எடுத்தேன். மூலக்கோடு ஏறத்தாழ 150 எம்பி. கெர்னலில் எவையெல்லாம் சேரவேண்டும் என்று சொல்லும் டெபியனின் கான்ஃபிக் கோப்பை அப்படியே வைத்து, கம்பைலைத் தொடங்கும் 'மேக்' கட்டளையைக் கொடுத்ததும் முதல் அடி: ஒரு சான்றிதழ் கோப்பைக் காணோம் என்று நின்றது. டெபியன்காரர் தங்கள் சான்றிதழின் பெயரை அந்தக் கான்ஃபிக்கில் எழுதி வைத்திருக்கிறார்கள். அது நம்மிடம் எப்படி இருக்கும்? 'சிஸ்டம் டிரஸ்டட் கீஸ்' வரியில் மேற்கோள் குறிக்குள் இருப்பதை அழித்தால் போதும். அடுத்த அடி வட்டுக்கு. பிழை தேடுவோருக்கான 'டீபக் இன்ஃபோ'வை நிறுத்தாமல் விட்டேன். ஐந்து மணி நேரம் ஓடி, 20 ஜிபிக்கு மேல் விழுங்கி, இடமில்லை என்றது.

அப்புறம்தான் 'லோக்கல்மாட்கான்ஃபிக்' என்ற கட்டளை கண்ணில் பட்டது. அந்த நேரத்தில் லோட் ஆகியிருக்கும் மாட்யூல்களை (டிரைவர் போன்ற கெர்னல் துண்டுகளை) மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை வெட்டிவிடும். வேலை ஒரு மணி நேரமாகச் சுருங்கியது. ஆனால் 'அந்த நேரத்தில்' என்பதில்தான் வில்லங்கம். எனக்கு இன்டர்நெட் வருவது யூஎஸ்பியில் செருகும் போன் வழியாக. அன்று செருகியிருக்கவில்லை. புதுக் கெர்னல் அழகாக எழும்பியது, போனைத்தான் அதற்கு அடையாளம் தெரியவில்லை. நல்லகாலம், பூட் ஆகும்போது வரும் கிரப் மெனுவில் பழைய கெர்னல் இருந்தது. இப்போதெல்லாம் போன், பென் டிரைவ், பிரிண்டர் எல்லாவற்றையும் கல்யாண வீட்டு லைட் வயர் மாதிரித் தொங்கவிட்டுத்தான் அந்தக் கட்டளையைக் கொடுக்கிறேன்.

திரும்பக் கம்பைல் செய்த நாள் பெப்ரவரி 9, ஞாயிறு. பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடு முழுக்கக் கரண்ட் போனதே, அன்றுதான். பாதியில் நின்றாலும் 'மேக்' விட்ட இடத்திலிருந்து தொடரும், அது சரி. ஆனால் கடைசியாக எழுதிக்கொண்டிருந்த ஒரு ஆப்ஜெக்ட் கோப்பு (கம்பைல் ஆன துண்டு) பூச்சிய பைட்டில், வெறுமையாகக் கிடந்தது. அதை முடிந்த கோப்பு என்று 'மேக்' நம்பிவிட, இணைக்கும் கட்டத்தில் பிழை. அந்த ஒன்றை மட்டும் அழித்துவிட்டு ஓட்டினேன், முடிந்தது.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத செலவு ஒன்று உண்டு. நானே கட்டிய கெர்னலை டெபியனின் அப்டேட் கருவியான 'ஆப்ட்' தொடாது. பாதுகாப்புத் திருத்தங்களோடு 6.12இன் சிறு பதிப்புகள் கிட்டத்தட்ட வாராவாரம் வரும். எடுத்துக் கட்டுவது என் பாடு. மாதம் ஒருமுறை செய்கிறேன், இரண்டு மாதம் விட்டதும் உண்டு. 'மேக்'கோடு 'பின்டெப்-பிகேஜி' கொடுத்து, டெபியன் நிறுவும் வடிவமான டெப் பொதியாகவே கட்டிக்கொள்கிறேன், பழையதைக் கழற்றுவது லேசு.

அக்கா தன் கடைக் கம்ப்யூட்டரிலும் போட்டுத் தரச் சொன்னாள். மாட்டேன் என்றுவிட்டேன். அங்கே டெபியனின் கெர்னலே இருக்கட்டும், மாதாமாதம் பிரிண்டரைச் செருகிக்கொண்டு உட்கார எனக்கு நேரமில்லை.