கல்லூரிக்குப் பாடக் காணொளி: இணையமா, சொந்தச் சேவையகமா?

கீறல் விழுந்த டிவிடி பாடத்தின் நடுவே உறைந்து நிற்பதைக் கண்டு சலித்த பொறியியல் கல்லூரி நூலகங்கள், ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் 2003இல் தொடங்கிய என்பிடெல் திட்டத்தின் விரிவுரைகளை எவ்வழியில் வழங்குவது என்று தயங்குகின்றன.

செலவு: யூடியூபில் பார்க்கக் கட்டணமில்லை, ஆனால் 60 மாணவர்கள் தனித்தனியே நொடிக்கு 1 மெகாபிட் வீதம் பார்த்தால் 60 மெகாபிட் இணைப்பு தேவைப்படும்.
காணொளிகளைக் கல்லூரிக்குள்ளேயே சேமித்து வழங்கும் கணினியான சேவையகத்துக்கு முதலீடு உண்டு. எனினும் அதே தரத்தில் 40 மணி நேரப் பாடம் 18 ஜிபிக்குள் அடங்கிவிடும்.

நீடிப்பு: இணையத்தில் பராமரிப்பு நம் பொறுப்பன்று.
சேவையகத்தில் வன்தட்டு பழுதாகக்கூடும் என்பதால் பாடங்களின் இரண்டாம் நகல் கட்டாயம். இதில் சிக்கனம் பார்ப்பதை என்னால் ஏற்க இயலாது.

வீட்டிலிருந்து படிப்போருக்கு இணையமே பொருந்தும். இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும் ஊர்களில், விடுதி மாணவர்களுக்குச் சேவையகமே கைகொடுக்கும். கல்லூரியே பதிவுசெய்த பழைய விஎச்எஸ் காணொளி நாடாக்களை, பூஞ்சை படியுமுன், முதலில் மின்னணுவாக்குங்கள். அவற்றுக்கு வேறெங்கும் நகல் இராது.