ரவுட்டரில் எந்தத் தேர்வு வெல்லும்? வீட்டு ஃபைபர் இணைப்புக்கு ஓர் ஒப்பீட்டு அலசல்

மாதாமாதம் 100 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டியும் படுக்கையறையில் வேகம் 25-ஐத் தாண்டவில்லை என்றால், பலரும் நேராக ரவுட்டரின் அமைப்புகள் பக்கத்தைத் திறந்து எங்கெல்லாம் பெரிய எண் இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். அகலமான சேனல், முழு சிக்னல் திறன், இருக்கிற வசதியெல்லாம் ஆன். ஃப்ளாட்டுகள் நெருங்கி நிற்கும் சென்னை, கோவை அபார்ட்மென்டுகளில் இதனால் வேகம் குறையவே வாய்ப்பு அதிகம். ரவுட்டருக்குள் எதிரெதிரே நிற்கும் தேர்வுகளில், சிறிய எண் உள்ளதே இரவு எட்டு மணி நெரிசலில் தாக்குப்பிடிக்கும் இடங்கள் நிறைய உண்டு.

முதலில் கேபிளில் ஒரு சோதனை

எதையும் தொடுவதற்கு முன் லேப்டாப்பில் வைஃபையை அணைத்துவிட்டு, லேன் கேபிளில் ரவுட்டரோடு இணைத்து வேகம் பாருங்கள். கேபிளில் முழு வேகம் வந்து வைஃபையில் வரவில்லை என்றால் கீழே வரும் சேனல் பகுதி உங்களுக்கானது. கேபிளிலேயே வரவில்லை என்றால் வைஃபை அமைப்புகளைத் திருப்பிப் பயனில்லை. லைன், போர்ட், கேபிள் இவற்றில் ஒன்றில்தான் பெரும்பாலும் கோளாறு இருக்கும்.

இங்கே 94 என்ற எண்ணைக் கவனியுங்கள். 200 அல்லது 300 எம்பிபிஎஸ் திட்டத்தில் கேபிள் சோதனை எப்போது பார்த்தாலும் 93, 94-லேயே நின்றால், அந்த லேன் இணைப்பு 100 எம்பிபிஎஸ் வேகத்தில்தான் பேசிக்கொண்டிருக்கிறது. ஜிகாபிட்டுக்கு கேபிளில் உள்ள 8 கம்பிகளும் வேண்டும். 100-க்கு 4 போதும். பழைய கேபிளின் முனையில் ஒரு கம்பி விட்டுப்போனால், 100-க்கு வேண்டிய 4 கம்பிகள் நன்றாக இருக்கும்வரை இணைப்பு அறுந்துவிடாது, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். இணையக் கம்பெனி தரும் ஓஎன்டி பெட்டிகள் (ஃபைபர் ஒளியை வீட்டு இணைப்பாக மாற்றுபவை) சிலவற்றில் ஒரு போர்ட் மட்டுமே ஜிகாபிட், மற்றவை 100. போர்ட்டின் மேல் எழுதியிருப்பதைப் பார்த்து மாற்றிச் செருகினாலே சில வீடுகளில் பிரச்சினை அத்தோடு தீர்ந்துவிடும்.

2.4-ஆ, 5 ஜிகாஹெர்ட்ஸா. ஒரே பெயரா, இரண்டு பெயரா

வைஃபை பேசும் இரண்டு அலைவரிசைகளில் (பேண்டு) 2.4 சுவரைத் தாண்டிப் போகும், ஆனால் வேகம் குறைவு. அக்கம்பக்கத்து ரவுட்டர்கள், ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அங்கேதான் குவிந்திருக்கின்றன. 5 வேகமானது, ஆனால் இரண்டு காங்கிரீட் சுவர்களுக்கு அப்பால் துவண்டுவிடும். இதெல்லாம் பலருக்கும் தெரிந்ததுதான். இரண்டு பேண்டுக்கும் ஒரே பெயர் வைப்பதா, தனித்தனிப் பெயரா என்பதில்தான் தடுமாற்றம்.

'ஸ்மார்ட் கனெக்ட்' என்ற வசதி இரண்டுக்கும் ஒரே பெயர் கொடுத்து, எந்தக் கருவி எதில் சேர வேண்டும் என்று தூண்டும். ஆனால் கடைசி முடிவு மொபைலுடையது. சிக்னல் கோடு அதிகம் தெரிகிறது என்பதற்காகவே 2.4-ஐ விடாமல் பிடித்துக்கொள்ளும் மொபைல்கள் உண்டு. ஸ்மார்ட் ப்ளக், கேமரா போன்றவற்றில் பலவும் 2.4-இல் மட்டுமே வேலை செய்யும். ஒரே பெயர் இருந்தால் அவற்றை முதன்முதலில் சேர்க்கும்போதே சிக்கல் வரும். ஒற்றை ரவுட்டர் வீட்டுக்குத் தனித்தனிப் பெயரே மேல். டிவி, லேப்டாப், மொபைல் 5-இல். கேமரா, ப்ளக், பழைய பிரிண்டர் 2.4-இல். மெஷ் அமைப்பு (ஒரே வலையாக இயங்கும் பல வைஃபை பெட்டிகள்) வாங்கியிருந்தால் மட்டும் ஒரே பெயர்; அறைக்கு அறை நகரும்போது பெட்டி மாறுவதற்கு அது வேண்டும்.

சேனல் அகலம்: 20, 40, 80, 160

பேண்டுக்குள் ஒரு ரவுட்டர் பேசும் பாதைதான் சேனல். அதிகம் தவறு நடப்பதும், சரிசெய்தால் அதிகப் பலன் கிடைப்பதும் இங்கேதான்.

2.4-இல் 20 மெகாஹெர்ட்ஸ் தவிர வேறெதையும் வைக்காதீர்கள். அந்த பேண்டில் ஒன்றின் மேல் ஒன்று படாத சேனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. 40 வைத்தால் பாதிக்கு மேல் பேண்டை நீங்களே அடைத்துக்கொண்டு, மற்ற எல்லோரோடும் மோத வேண்டிவரும். '20/40 ஆட்டோ' என்று கொடுத்திருந்தாலும் 20-க்கு மாற்றிவிடுங்கள்.

1, 6, 11 மூன்றிலும் ஆள் இருக்கிறது, 3 காலியாகத் தெரிகிறது என்று 3-ஐத் தேர்ந்தெடுப்பது அடுத்த தவறு. ஒரே சேனலில் இருக்கும் இரண்டு ரவுட்டர்கள் ஒன்றின் பேச்சை மற்றொன்று புரிந்துகொண்டு முறை வைத்துப் பேசும். 3-இல் நிற்பதற்கோ 1-இல் நடப்பதும் 6-இல் நடப்பதும் வெறும் இரைச்சலாகத்தான் கேட்கும். அனுப்பிய பாக்கெட் (தரவின் சிறு துண்டு) சிதையும், திரும்ப அனுப்ப வேண்டிவரும். ஆகவே மூன்றில் எதில் பக்கத்து வீட்டு சிக்னல் மிகப் பலவீனமோ அதில் அமருங்கள். ஆண்ட்ராய்டு மொபைலில் ஒரு வைஃபை அனலைசர் செயலி இருந்தால் டிபிஎம் (சிக்னல் வலிமையின் அளவு) கணக்கில் அது தெரியும்: -50 என்பது பக்கத்திலேயே இருப்பது, -85 என்பது கிட்டத்தட்ட இல்லாதது.

5 ஜிகாஹெர்ட்ஸில் போட்டி 40-க்கும் 80-க்கும் இடையில். வைஃபை 5 வகை மொபைல், இரண்டு ஆண்டெனாவோடு, 80 அகலத்தில் உச்சமாக 867 எம்பிபிஎஸ் இணைப்பு வேகம் காட்டும், 40-இல் 400. கையில் கிடைப்பது நல்ல சிக்னலில் அதில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை. அப்படியானால் 40-இலேயே 200-க்கு மேல் வருகிறது. உங்கள் திட்டம் 100 அல்லது 150 என்றால் 80-ஆல் ஒரு லாபமும் இல்லை, நஷ்டம் உண்டு. அகலம் இரட்டிப்பானால் உள்ளே வரும் இரைச்சலும் இரட்டிப்பாகும், அதாவது 3 டெசிபல். பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கும் மொபைலுக்கு அந்த 3 டெசிபல் பெரிய விஷயம். 300 எம்பிபிஎஸ்ஸும் அதற்கு மேலும் உள்ள திட்டத்துக்கும், தனி வீட்டுக்கும் 80 சரி. 160-ஐ இணைய வேகத்துக்காகப் போடத் தேவையில்லை. வீட்டுக்குள் சேமிப்பகத்திலிருந்து பெரிய கோப்புகளை வைஃபையில் நகர்த்துவோருக்குத்தான் அது.

எந்தச் சேனல்? இந்தியாவில் 2018-இல் 5 ஜிகாஹெர்ட்ஸில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் உரிமமின்றிப் பயன்படுத்த விடப்பட்டது. 36 முதல் 48, 149 முதல் 161 ஆகிய தொகுதிகள் தொந்தரவில்லாதவை. இடையில் உள்ள 52 முதல் 144 வரை ரேடாரோடு பகிர்ந்துகொள்ளும் பகுதி. அங்கே போக ரவுட்டர் குறைந்தது 60 நொடி காதுகொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் பேசத் தொடங்கும். நடுவில் ரேடார் போல ஏதாவது கேட்டால் உடனே சேனலை விட்டு ஓட வேண்டும், அரை மணி நேரம் திரும்பக் கூடாது. வீடியோ கால் நடுவே 5 ஜிகாஹெர்ட்ஸ் பெயரே காணாமல் போய்த் திரும்ப வருவதற்கு இது ஒரு காரணம். 160 அகலம் 36-இல் தொடங்கினாலும் 64 வரை நீளும் என்பதால் அதுவும் இதில் மாட்டும். மறுபக்கம், 36-உம் 149-உம் நிரம்பி வழியும் கட்டடத்தில், பக்கத்தில் ரேடார் எதுவும் இல்லையென்றால், 100 தொகுதி அமைதியாகக் கிடக்கும். ஒரு வாரம் வைத்துப் பார்த்து, இணைப்பு அறுகிறதா என்று கவனித்து முடிவெடுக்கலாம்.

'ஆட்டோ'வை நம்பலாமா? பல ரவுட்டர்கள் ஆன் ஆகும் நேரத்தில் மட்டுமே சேனலைத் தேடுகின்றன. காலை பதினொரு மணிக்கு மின்சாரம் போய்வந்தால் காலை நெரிசலைப் பார்த்துச் சேனல் எடுக்கும். இரவு நிலவரம் வேறு. இரவில் அலசி, நிலையாக ஒன்றை வைப்பதே நல்லது.

சிக்னல் திறனை 'ஹை'யில் வைப்பதும் தூரத்து அறைக்கு அவ்வளவாக உதவாது. ரவுட்டர் கத்துவது மொபைலுக்குக் கேட்கும். மொபைல் சொல்வது ரவுட்டருக்குக் கேட்காது. கோடுகள் நிறைந்து நெட் நகராமல் நிற்பது இதனால்தான்.

பாதுகாப்பு முறையில் ஒரு சின்னச் சோதனை: 'டபிள்யூபிஏ2 – ஏஇஎஸ்' அல்லது 'டபிள்யூபிஏ3' இருக்கட்டும். 'டிகேஐபி' என்ற பழைய குறியாக்கம் இருந்தால் வேகம் 54 எம்பிபிஎஸ் இணைப்புக்குள் முடங்கிவிடும். வைஃபை போக்குவரத்துக்கு முன்னுரிமை வகுக்கும் 'டபிள்யூஎம்எம்' அணைந்திருந்தாலும் அதே கதிதான்.

கம்பெனி பெட்டி, பிரிட்ஜ், அக்சஸ் பாயின்ட்

நல்ல ரவுட்டர் ஒன்று வாங்கிவிட்டீர்கள். அதை ஓஎன்டியோடு இணைக்க மூன்று வழிகள். ஓஎன்டியின் லேனிலிருந்து புது ரவுட்டரின் வேனுக்கு (இணையம் உள்ளே வரும் போர்ட்) கேபிள் போடுவது பலரும் செய்வது. இதில் இரண்டு பெட்டியும் முகவரி மாற்றும் வேலையைச் செய்யும். இரண்டும் 192.168.1.1 என்றே இருந்தால் மோதிக்கொண்டு நெட்டே வராமல் போகலாம். புதியதை 192.168.50.1 போல மாற்றினால் ஓடும், ஆனால் கேம், வெளியிலிருந்து கேமரா பார்ப்பது போன்றவற்றில் தகராறு செய்யும்.

அக்சஸ் பாயின்ட் முறையில் புது ரவுட்டர் வைஃபை மட்டும் தரும். அந்தப் பெயரில் மோடு இல்லாவிட்டால் கையாலேயே செய்யலாம்: புது ரவுட்டரின் முகவரியை 192.168.1.2 ஆக்கி, கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் டிஹெச்சிபியை அணைத்து, கேபிளை வேனில் செருகாமல் லேன் போர்ட்டில் செருகுங்கள். ஓஎன்டியின் சொந்த வைஃபையை அணைத்துவிடுங்கள். பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே போதும். கம்பெனி தொலைவிலிருந்து ஓஎன்டியை மறுபடி அமைத்தாலும் உங்கள் வைஃபை அப்படியே இருக்கும்.

பிரிட்ஜ் முறையில் ஓஎன்டி வெறும் ஒளி மாற்றி. டயல் செய்வது உங்கள் ரவுட்டர். முழுக் கட்டுப்பாடும் உங்களிடம் வரும். பிஎஸ்என்எல் ஃபைபர் போல பிபிபிஓஇ (ஐடி, பாஸ்வேர்டு கொடுத்து உள்நுழையும் முறை) வழியாக வரும் இணைப்பில் யூசர் ஐடி, பாஸ்வேர்டு, இணையப் போக்குவரத்தைப் பிரித்துக் காட்டும் விலான் எண் மூன்றையும் முதலில் கையில் வாங்குங்கள். பழைய அமைப்பை மொபைலில் படமெடுத்து வையுங்கள். ஓஎன்டியின் வேன் பட்டியலில் இணையத்துக்கான வரியை மட்டும் பிரிட்ஜ் ஆக்குங்கள். லேண்ட்லைனுக்கான வரி தனியாக இருக்கும். அதை அழித்தால் டயல் டோன் போய்விடும்.

ரவுட்டரில் வேன் முகவரி 100.64-இலிருந்து 100.127 வரைக்குள் தொடங்கினால் உங்கள் பொது முகவரியைப் பல வீடுகள் பகிர்கின்றன. பிரிட்ஜ் செய்தாலும் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வீட்டுக் கருவியை அடைய வழிவிடுவது) நடக்காது. அதற்காகவே பிரிட்ஜுக்குப் போகிறவர்கள் முதலில் இதைப் பார்த்துவிடுங்கள்.

எம்டியு 1500-ஆ, 1492-ஆ

எம்டியு என்பது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, வழக்கமாக 1500 பைட். பிபிபிஓஇ ஒவ்வொரு பாக்கெட்டிலும் 8 பைட் எடுத்துக்கொள்ளும், ஆகவே 1492. தவறாக 1500 இருந்தால் வேகச் சோதனை சரியாக வரும், சில தளங்கள் மட்டும் பாதியில் நிற்கும். விண்டோஸ் பிங் கட்டளையில் பாக்கெட்டைத் துண்டாக்க வேண்டாம் என்று சொல்லி 1464 அளவில் அனுப்புங்கள். தலைப்புக்கான 28 சேர்ந்து 1492. அது போய், 1465 மறுக்கப்பட்டால் அமைப்பு சரி.

டிஎன்எஸ்

தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தருவது டிஎன்எஸ். கம்பெனியுடையதா, கூகுளின் 8.8.8.8-ஆ, கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1-ஆ? எதை வைத்தாலும் டவுன்லோடு வேகம் கூடாது. பக்கம் திறக்கத் தொடங்கும் நேரமும் நம்பகமும்தான் மாறும். கம்பெனி டிஎன்எஸ் அடிக்கடி படுத்தால் மாற்றுங்கள். 8.8.8.8 உங்கள் முகவரியின் ஒரு பகுதியை வீடியோ சர்வர்களுக்குச் சொல்லி அருகில் உள்ளதைப் பிடிக்க உதவும், 1.1.1.1 தனியுரிமை கருதி அதைச் சொல்வதில்லை.

வன்பொருள் வேகமூட்டலா, க்யூஓஎஸ்ஸா

வேகச் சோதனை அருமையாக வருகிறது. வீட்டில் யாராவது படங்களை கூகுள் டிரைவில் ஏற்றத் தொடங்கியதும் ஜூம் கால் நொறுங்குகிறது. இது வேகக் குறைவால் வருவதில்லை. பாக்கெட்டுகள் வழியில் உள்ள பெட்டியின் நினைவகத்தில் வரிசையாகத் தேங்கி, உங்கள் குரல் பாக்கெட் அந்த வரிசையின் கடைசியில் நிற்கிறது. சோதிக்க எளிது: 8.8.8.8-க்குப் பிங் ஓடவிட்டு, பெரிய கோப்பு ஒன்றை ஏற்றுங்கள். பதில் வரும் நேரம் 10 மில்லிநொடியிலிருந்து 30 ஆனால் பரவாயில்லை. 300 ஆனால் நோய் இதுதான்.

இதற்கு மருந்து எஸ்க்யூஎம், அதாவது இந்த வரிசை நீளாமல் பார்த்துக்கொள்ளும் புதிய வகை க்யூஓஎஸ் (போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் வசதி). 2012-இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் வெளியிட்ட கோடெல் முறையும், அதன் வழிவந்த எஃப்க்யூ-கோடெல், கேக் ஆகியவையும் ஓபன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மென்பொருள் ஓடும் ரவுட்டர்களில் கிடைக்கின்றன. அளந்த வேகத்தில் 85 முதல் 90 சதவீதத்தை டவுன்லோடு, அப்லோடு இரண்டுக்கும் எழுதி, 'கேக்' தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் கூடுதலாக (ஓவர்ஹெட்) 44 பைட் கொடுத்தால் ஃபைபருக்குப் பொருந்தும். 10 முதல் 15 சதவீத வேகத்தை விட்டுக்கொடுத்துத் தாமதத்தைக் குறைக்கிறோம்; வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கு இது முழுக்க லாபம்.

ஆனால் எஸ்க்யூஎம் ஓடினால், சிபியுவைத் தொடாமல் பாக்கெட்டுகளைக் கடத்தும் வன்பொருள் வேகமூட்டல் வேலை செய்யாது, சுமை முழுதும் ரவுட்டரின் சிபியு மேல் விழும். 500 எம்பிபிஎஸ் லைனில் மலிவான ரவுட்டர் திணறும். அங்கே அப்லோடுக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். கடை ரவுட்டர்களில் கருவிவாரியாக முன்னுரிமை கொடுக்கும் பழைய க்யூஓஎஸ்ஸில், வேக எண்ணைச் சரியாக எழுதாமல் விட்டால் கெடுதல்தான். எப்போதோ 50 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு எழுதிய எண் அப்படியே கிடந்து, திட்டம் உயர்ந்த பிறகும் 50-லேயே கட்டிப்போட்டிருக்கும்.

ரிப்பீட்டர், மெஷ், கேபிள்

ஒரே பேண்டில் கேட்டு அதே பேண்டில் திருப்பிச் சொல்லும் ரிப்பீட்டர் வேகத்தைப் பாதியாக்கும். சிக்னலே இல்லாத அறையில் வைத்தால் பாதிகூட மிஞ்சாது. பாதி வழியில், -65 டிபிஎம் அளவு கிடைக்கும் இடத்தில் வையுங்கள். மெஷ் இதைவிட மேல், அதிலும் பெட்டிகளுக்கிடையே பேச மூன்றாவது ரேடியோ இருந்தால். இரண்டையும் வெல்வது மாடிக்கு ஒரு கேட்6 கேபிள் இழுத்து, பழைய ரவுட்டரை மேலே சொன்னபடி அக்சஸ் பாயின்ட் ஆக்குவது. செம்புக் கம்பி கேபிளாகக் கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது நீள ஓட்டத்தில் தகராறு செய்யும்.

தினம் ரீஸ்டார்ட்டா, காரணம் தேடுவதா

டைமர் வைத்து ரீஸ்டார்ட் செய்தால் சேனல் மாறும், நினைவகம் காலியாகும், அவ்வளவே. அடிக்கடி அறுகிறதென்றால் முதலில் அடாப்டரைப் பாருங்கள்: 12 வோல்ட் 1 ஆம்பியர் கேட்கும் பெட்டிக்கு 0.5 ஆம்பியர் அடாப்டர் போட்டால் சுமை ஏறும்போது தானாக ரீபூட் ஆகும். மினி யுபிஎஸ் வாங்கும்போதும் இதே எண்களைப் பொருத்திப் பாருங்கள். ஓஎன்டி, ரவுட்டர் இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும்.

அடாப்டர் சரியென்றால் ஓஎன்டி பக்கத்தில் 'ஆர்எக்ஸ் பவர்' (வந்துசேரும் ஒளியின் வலிமை) எண்ணைப் பாருங்கள். -15 முதல் -24 டிபிஎம் நல்ல நிலை. -27-ஐ நெருங்கினால் மழை, காற்றில் எல்ஓஎஸ் (ஒளி சிக்னல் இல்லை) விளக்கு சிவக்கும். சுவரோரம் மடங்கிய ஃபைபரை அகலமான வளையமாக விடுங்கள். பச்சை முனையை நீல முனையோடு செருகியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். இரண்டின் சாய்வும் வேறு, ஒளி அங்கேயே வீணாகும். அதற்கும் எண் மாறவில்லை என்றால், அதை நேரத்தோடு குறித்து வைத்துப் புகார் கொடுங்கள். வரும் லைன்மேனிடம் பவர் மீட்டர் வைத்து உங்கள் முன்னாலேயே அளக்கச் சொல்லி, ஒட்டு போட்ட பிறகு மறுபடியும் அளக்கச் சொல்லுங்கள்.