ஊனோவில் வைஃபை மாட்யூலா, நேராக இஎஸ்பி32 போர்டா?

மொட்டை மாடித் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று போனில் பார்க்க வேண்டும். கையில் இருப்பது ஆர்டுயினோ ஊனோ ஆர்3, சென்சார்களை இணைத்து புரோகிராம் எழுதி ஓட்டும் சின்ன போர்டு. அதில் வைஃபை கிடையாது. விலை குறைவு என்று பலரும் வாங்குவது இஎஸ்பி-01, எட்டு கால் உள்ள சின்ன வைஃபை மாட்யூல். நானும் அதைத்தான் வாங்கினேன்.

தொல்லை கரண்டில் ஆரம்பிக்கும். மாட்யூலுக்கு 3.3 வோல்ட் வேண்டும், ஊனோவில்தான் 3.3 வோல்ட் பின் இருக்கிறதே என்று அதில் சொருகிவிடுவோம். அந்தப் பின் தருவது 50 மில்லி ஆம்பியர்தான். சிக்னல் அனுப்பும்போது மாட்யூலில் உள்ள இஎஸ்பி8266 சிப் அதைப்போல் பல மடங்கு இழுக்கும். வோல்டேஜ் இறங்கி, மாட்யூல் திரும்பத் திரும்ப ரீசெட் ஆகும். இரண்டு நாள் நான் ரௌட்டரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். தனி ரெகுலேட்டரும் ஒரு கெபாசிட்டரும் வைத்த பிறகுதான் நின்றது.

அதோடு முடியவில்லை. ஊனோவின் டிஎக்ஸ் (டேட்டா அனுப்பும்) பின்னில் 5 வோல்ட் வரும். 1கே, 2கே ரெசிஸ்டர் போட்டு அதை 3.3 ஆக்க வேண்டும். மாட்யூல் பெரும்பாலும் 115200 பாட் வேகத்தில் பேசும். ஊனோவின் சாதாரணப் பின்கள் வழியாகப் பேச உதவும் சாஃப்ட்வேர்சீரியல் லைப்ரரி அந்த வேகத்தில் எழுத்துகளைத் தவறவிடும் என்பதால் 9600க்கு இறக்க வேண்டும். அப்புறம் மாட்யூலுக்கு உத்தரவிடும் ஏடி கமாண்டுகளை ஒவ்வொன்றாக அனுப்பி, பதிலை 2 கேபி ராமுக்குள் வைத்து அலச வேண்டும்.

இஎஸ்பி32 போர்டில் இந்த வேலை எதுவும் இல்லை. வைஃபை சிப்புக்குள்ளேயே இருக்கிறது. ராம் 520 கேபி. புரோகிராம் எழுதப் பழகிய ஆர்டுயினோ ஐடிஇ மென்பொருளிலேயே நெட்வொர்க் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால் இணைந்துவிடும். கவனிக்க வேண்டியது ஒன்று: வைஃபை ஓடும்போது ஏடிசி2 என்ற தொகுதியைச் சேர்ந்த பின்களில் அனலாக் அளவு எடுக்க முடியாது. மண் ஈரம் போன்ற சென்சாரை 32 முதல் 39 வரையுள்ள பின்களில் கொடுங்கள்.

மைக்ரோபைத்தான் (இத்தகைய போர்டுகளுக்கான பைத்தான் மொழி) பிடித்தவர்களுக்கு 2022இல் வந்த ராஸ்ப்பெரி பை பைகோ டபிள்யூ நல்ல போர்டு. 5 வோல்ட் ஷீல்டுகள் (ஊனோவின் மேல் சொருகும் துணை போர்டுகள்) நிறைய வைத்திருப்பவர்கள் 2023இல் வந்த ஊனோ ஆர்4 வைஃபையைப் பார்க்கலாம். அதிலும் வைஃபை வேலையைச் செய்வது ஒரு இஎஸ்பி32 எஸ்3தான்.

இவை எல்லாமே 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் வேலை செய்பவை. ரௌட்டரில் 5 கிகாஹெர்ட்ஸை மட்டும் வைத்திருந்தால் எந்த போர்டுக்கும் உங்கள் நெட்வொர்க் தெரியாது.

புதிதாகத் தொடங்குபவர் நேராக இஎஸ்பி32 வாங்குங்கள். தொட்டிக்கு எச்.சி-எஸ்ஆர்04 என்ற, ஒலியால் தூரம் அளக்கும் சென்சார் வைப்பதாக இருந்தால், அதன் எக்கோ பின் 5 வோல்ட் தரும். அந்த இரண்டு ரெசிஸ்டர் இங்கேயும் வேண்டும்.