முதுகலைக்குக் கருப்பூரா, அமர்கண்டக்கா?

தருமபுரி, கிருஷ்ணகிரியில் டிகிரி முடிப்பவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது சேலம் கருப்பூரில் உள்ள பெரியார் பல்கலைக்கழகம்தான். பஸ் தொப்பூர்க் கணவாயைத் தாண்டிவிட்டால் கொஞ்ச தூரம். தருமபுரிக்காரர்கள் வீட்டிலிருந்தே போய்வரலாம். வேலை பார்த்துக்கொண்டோ, தேர்வாணையத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டோ படிப்பவர்கள் வேறு யோசிக்கவே வேண்டாம்.

ஆனால் மானிடவியல், பழங்குடியியல் படிக்க விரும்பும் பிள்ளைக்கு, அதிலும் சித்தேரி, வத்தல்மலை போன்ற பழங்குடி மலையூர்ப் பிள்ளைக்கு, என் ஓட்டு அமர்கண்டக்குக்கே. மத்தியப் பிரதேசத்தில், நர்மதை பிறக்கும் மைக்கல் மலைப்பகுதியில் இருக்கும் இந்திரா காந்தி தேசியப் பழங்குடியினர் பல்கலைக்கழகம் அது. 2007-ல் வந்த மத்தியச் சட்டத்தால் உருவானது. சுற்றிலும் சால் மரக் காடு, கோண்டு, பைகா பழங்குடி மக்களின் ஊர்கள். களப்பணிக்கு வெகுதூரம் அலைய வேண்டாம். இடஒதுக்கீட்டையும் பாருங்கள்: பழங்குடியினருக்கு மாநிலத்தில் 1%, மத்தியப் பல்கலைக்கழகத்தில் 7.5%. 40 இடம் உள்ள வகுப்பில் 7.5% என்றால் 3 இடம். 1% என்றால் அரை இடம்கூட இல்லை.

நம் பிள்ளைகள் இந்த வாய்ப்பைக் கோட்டைவிடுவது மதிப்பெண்ணால் அல்ல, தேதியாலும் சான்றிதழாலும்தான். அங்கே சேர எழுத வேண்டிய கியூட் பி.ஜி. (மத்தியப் பல்கலைக்கழகங்களின் முதுகலைக்கான பொது நுழைவுத்தேர்வு) அண்மை ஆண்டுகளில் மார்ச்சிலேயே நடக்கிறது. ரிசல்ட் வரட்டும் என்று காத்திருந்தால் அந்த வருஷம் போச்சு; இறுதியாண்டில், டிசம்பரிலிருந்தே அறிவிப்பைப் பார்க்க வேண்டும். மொழிப்பாடங்கள் தவிர வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். தப்பான விடைக்கு 1 மதிப்பெண் குறையும். பரீட்சை எழுதியதோடு வேலை முடியாது, பல்கலைக்கழகத்தின் தளத்தில் தனியாகப் பதிய வேண்டும். அதை மறந்து இடத்தை இழப்பவர்கள் உண்டு.

அடுத்தது சான்றிதழ். எம்.பி.சி. என்று போட்ட மாநிலச் சான்று அங்கே செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் (வசதி படைத்த பிரிவில்) வராதவர் என்று குறிப்பிட்ட ஓ.பி.சி. சான்று வேண்டும், பெரும்பாலும் அந்த நிதியாண்டில் வாங்கியதையே கேட்பார்கள். இல்லையென்றால் பொதுப்பிரிவில் தள்ளிவிடுவார்கள். எஸ்.டி. சான்றைத் தாசில்தார் தருவதில்லை, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். விசாரணை இழுக்கும் என்பதால் இரண்டாம் ஆண்டிலேயே மனு கொடுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றில் இனிஷியல் பின்னால், ஆதாரில் முன்னால் என்றிருந்தால் அதையும் அப்போதே சரிசெய்துவிடுங்கள்.

விடுதி தானாகக் கிடைக்கும் என்று நம்பிப் புறப்பட வேண்டாம். சேரும் முன் எழுதிக் கேளுங்கள். சேலம், காட்பாடி வழியே சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் போகும் ரயில்கள் தினமும் கிடையாது. பிலாஸ்பூரில் வண்டி மாறி பெண்ட்ரா ரோடு ஸ்டேஷனில் இறங்கி, மலைச்சாலையில் போக வேண்டும். டிசம்பர், ஜனவரி குளிருக்கு நம்மூர் ஸ்வெட்டர் காணாது. கனமான கம்பளி எடுத்துச் செல்லுங்கள்.